குறுகிய நிலத்தில் நெடுந்தொலைக் குறி
மலையகத் துரைமாரின் துவக்குப் படை பற்றிய ஓர் ஆய்வு

துரோணர் மரக்கிளையிற் பறவையொன்றை வைத்து, மாணாக்கரை ஒருவர்பின் ஒருவராக அழைத்து, யாது காண்கின்றாய் என வினாவிய கதையை அறியாதார் இலர். ஒருவன் மரத்தையும், ஒருவன் கிளையையும், ஒருவன் உடன்பிறந்தாரையும் கண்டான். அருச்சுனனோ பறவையின் தலையையன்றிப் பிறிதொன்றுங் கண்டிலன். வில்லாண்மையின் முதற்பாடம் கண்ணிலும் மனத்திலும் உள்ளது, தோளில் அன்று என்பதே அக்கதையின் கருத்து. அதே பாரதத்தில் ஏகலைவன் கதையும் உண்டு. ஆசிரியனும் அரங்கும் மறுக்கப்பட்ட அவன், காட்டின் ஒரு மூலையில் மண்ணுருவொன்றை முன்னிறுத்தித் தனியே பயின்று தேர்ந்தான். கலைக்கு வேண்டிய இடம் எத்துணை என்னும் வினா, இவ்விரு கதைகளிலும் மறைந்து நிற்கின்றது.

இவ்வினா நமது மலையகத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் எழுந்ததுண்டு. நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா முதலிய தேயிலை மாவட்டங்களில் வாழ்ந்த ஐரோப்பியத் துரைமார், 1900 ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய அரைநூற்றாண்டுக் காலம் ஒரு துவக்குப் படையாக அமைந்திருந்தனர். நெடுந்தொலைவிற் சுடுதலே அவர்தம் கலை. நெடுந்தொலைவு என்பது கிடைத்தற்கரிய மலைச்சரிவுகளே அவர்தம் உறைவிடம். இம்முரண்பாட்டை அக்காலப் படைப்பயிற்சி எவ்வாறு தீர்க்க முயன்றது, எவ்வளவிற்குத் தீர்த்தது, எதனைத் தீர்க்கவே இயலாதிருந்தது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துவக்கின் எட்டம் வளர்ந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியப் படைவீரன் தாங்கிய துவக்கு, உட்புறம் மழமழப்பான குழலையுடையது. நூறு யாருக்கு அப்பால் தனி மனிதனொருவனை அதனாற் குறிவைத்து வீழ்த்துதல் அரிது. குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டப்பட்டபோது சன்னம் பம்பரம்போற் சுழன்று சென்றது. அச்சுழற்சி அதனை நெறிபிறழாது நிறுத்திற்று. அத்தகைய துவக்கே றைபிள் எனப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய லீ-என்பீல்ட் வகைத் துவக்கின் குறிக்கருவியில் ஈராயிரம் யார் வரையும் அளவு பொறிக்கப்பட்டிருந்தது. துவக்கின் எட்டம் வளர வளர, அதனைப் பயிலுதற்கு வேண்டிய நிலத்தின் நீளமும் வளர்ந்தது.

இதற்கு முற்பட்ட காலத்தில் மலைநாட்டில் துவக்கு இல்லாமலில்லை. பதுளையிலிருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் சுட்டவர் எனப் புகழப்பட்டவர். 1845 இல் ஹப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்தார். நுவரெலியாவில் 1848 முதற் சில ஆண்டுகள் குடியிருந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டையைப் பற்றி 1854 இல் நூலே வெளியிட்டார். ஆயின் யானைவேட்டை அண்மைவேட்டை. காட்டின் இருளில், சில யார் தொலைவில், பாய்ந்துவரும் விலங்கின் நெற்றியை நோக்கிச் சுடுவதே அது. அதற்கு வேண்டுவது துணிவு. நீண்ட வெளி அன்று.

நெடுந்தொலைக் குறியின் இன்றியமையாமையைப் பிரித்தானியப் பேரரசுக்கு உணர்த்தியது தென்னாபிரிக்கப் போயர் போரேயாம். 1899 டிசெம்பர் மாதத்தில் ஒரே வாரத்துள் ஸ்ரோம்பேர்க், மகர்ஸ்பொன்ரெயின், கொலென்சோ என்னும் மூன்று களங்களிற் பிரித்தானியப் படை தோல்வியுற்றது. எதிர்த்து நின்ற போயர்கள் பெரும்பாலும் உழவர். முறையான படைப்பயிற்சி பெற்றவரல்லர். பரந்த புல்வெளியில் மான் சுட்டுப் பழகிய கண்ணும் மௌசர் துவக்குமே அவர்தம் வலிமை. அணிவகுத்து வந்த படை, சுட்டவனைக் காணுமுன்னரே வீழ்ந்தது. இவ்வதிர்ச்சி பேரரசின் நாலாபக்கமும் பரவிற்று. இலங்கை மலைத்தோட்டங்களையும் எட்டிற்று.

2. துரைமார் படையின் தோற்றம்

இலங்கையில் 1881 இலேயே தொண்டர்படை தோன்றியிருந்தது. 1892 இற் குதிரைக் காலாட்படை என்னும் பிரிவொன்றும் அமைந்தது. போயர் போர் நடந்துகொண்டிருந்த 1900 ஆம் ஆண்டில், ஆளுநர் சேர் வெஸ்ற் றிஜ்வே காலத்தில், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப்படை நிறுவப்பட்டது. தேயிலை, றப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர்க்கென்றே அமைந்த தொண்டர்படை அஃது. வாரநாட்களிற் கொழுந்தின் நிறையையும் ஆலையின் புகையையும் பார்த்திருந்த துரையே, படை கூடும் நாளில் வீரனாயினான்.

இதே காலத்தில் வரலாறு வேடிக்கையொன்றையும் நிகழ்த்திற்று. போரிற் சிறைப்பட்ட போயர்கள் 1900 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொணரப்பட்டனர். ஊவாவின் தியத்தலாவையில் எழுந்த முகாமில் ஏறக்குறைய ஐயாயிரவர் அடைக்கப்பட்டனர். தொலைக்குறிக் கலையின் ஆசிரியர்கள் வெறுங்கையராய் முள்வேலிக்குள் இருந்தனர்; அக்கலையின் மாணாக்கர் அதே மலைத்தொடரின் மறுபுறத்திற் புதிய துவக்குகளுடன் பயின்றனர். அப்போயர்களுள் எங்கல்பிறெக்ட் என்பவர், முடிக்குப் பற்றுறுதி கூற மறுத்து ஈண்டே தங்கி, பின்னர் யால வனவிலங்குப் புகலிடத்தின் முதற் காப்பாளரானார். சுடத்தெரிந்தவனே காக்கவும் வல்லனாவான் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

3. மலையில் இடமின்மை

மலைநாடு பரந்தது, ஆயின் அதில் இடமில்லை என்பது முதனோக்கில் வியப்பாகத் தோன்றும். காரணங்கள் மூன்று.

முதலாவது, தேயிலையே. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்ட பயிர், கோப்பியை இலைநோய் அழித்தபின் மலையெங்கும் படர்ந்தது. நூற்றாண்டின் இறுதியில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் தேயிலை நின்றது. இருப்புப்பாதை 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தபின், பாதைக்கருகிற் கிடந்த ஒவ்வொரு சரிவும் விலைமதிப்புப் பெற்றது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை விற்றல் கூடாதென 1873 இல் அரசு தடுத்தமையால், மேலே விரியவும் வழியில்லை. கொழுந்து தரும் நிலத்தை வெறுந்திடலாக விட எந்தக் கம்பனியும் ஒருப்படாது.

இரண்டாவது, நிலத்தின் அமைப்பு. ஒரு தோட்டத்திற் சமதளமென்று சொல்லத்தக்கவை ஆலை முற்றம், துரையின் பங்களாப் புற்றரை, தொழிலாளர் விடியலிற் கூடும் பிரட்டுக்களம் என்பனவே. இவற்றுள் எதுவும் நூறு யார் நீளங் காணுதல் அரிது. இன்றும் நம் மலையகச் சிறுவர்க்குப் பிரட்டுக்களமே விளையாட்டிடமாக அமைதல் இதனாலேயாம்.

மூன்றாவது, மாந்தர். துவக்குப் பயிற்சிக்கு நீளம் மட்டும் போதாது. இலக்கின் பின்னால் வெற்றிடமும் வேண்டும். இலக்குத் தப்பிய .303 அளவுச் சன்னம் மேனோக்கிச் சென்றால் இரண்டு மைலளவு சென்று விழவல்லது. தேயிலைமலையோ ஆளில்லா மலையன்று. சரிவுதோறும் கொழுந்தெடுக்கும் பெண்கள், மடிப்புதோறும் லயங்கள், வளைவுதோறும் பாதையும் பாடசாலையும் கோயிலும். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் அடுக்கப்பட்ட லயங்களில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். ஆகவே, துரையின் துவக்கிற்கு இடமில்லாமற் செய்த முதற்பொருள் மலையன்று. அம்மலையில் உழைத்த மக்களின் உயிரே எனல் மிகையாகாது.

4. குறுகிய இடத்திற் பயிலும் நெறிகள்

இவ்விடர்ப்பாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் போன்ற நகரங்களில் வாழ்ந்த தொண்டர்படையினரும் இதனையே எதிர்நோக்கினர். ஆதலின் படைத்துறையும் குறிசுடு கழகங்களும் குறுகிய இடத்திற்கேற்ற நெறிகள் பலவற்றை வகுத்தன. அவை தோட்டங்களிற் சிதறி வாழ்ந்த தொண்டர்க்கும் பெரிதும் ஏற்றவை.

முதல் நெறி, இலக்கைச் சுருக்குதல். இது கணக்கின்பாற்பட்டது. 600 யார் தொலைவில் 24 அங்குல அகலமுள்ள வட்டம் கண்ணுக்கு எவ்வளவு தோன்றுமோ, அவ்வளவே 25 யார் தொலைவில் ஓர் அங்குல வட்டமுந் தோன்றும். தொலைவு இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறையின் இலக்கும் இருபத்துநான்கில் ஒரு பங்காதல் வேண்டும். ஆறடி மனிதனின் உருவை மூன்றங்குல அட்டையாக வெட்டி ஆலைச்சுவரின் அருகே நிறுத்தினால், பார்ப்பவனுக்கு அது 600 யாருக்கப்பால் நிற்கும் மனிதனேயாம். மலை, மரம், வேலி, வீடு முதலியவற்றைச் சிறிதாக எழுதிய காட்சிப்படங்களையும் இலக்காக நிறுத்தினர். தலைவன் வாயாற் சுட்டிய இடத்தை வீரன் படத்திற் கண்டு சுடுதல் வேண்டும். இதனாற் குறியோடு நிலத்தைப் படிக்கும் திறனும் வளர்ந்தது.

இரண்டாம் நெறி, துவக்கைச் சுருக்குதல். 1880 களிற் பிரித்தானியப் படையில் மொறிஸ் குழாய் என்னும் கருவி வழக்கிற்கு வந்தது. பெரிய துவக்கின் குழலுக்குள் மெல்லிய குழாயொன்றைச் செருகிச் சிறு தோட்டாவை வெடித்தலே அதன் இயல்பு. கையில் உள்ளது அதே துவக்கு, அதே நிறை, அதே விசை. வெளியேறுவது மட்டும் சிறு சன்னம். பின்னர் .22 அளவுடைய சிறுதுவக்குகள் அவ்விடத்தைப் பெற்றன. இங்கிலாந்தில் 1901 இற் சிறுதுவக்குக் கழகங்களின் சங்கம் தோன்றிற்று. போயர் போரின் தளபதியாகிய றொபேட்ஸ் பிரபு அவ்வியக்கத்தைப் பெரிதும் ஆதரித்தார். தோட்டா மலிவு, ஓசை சிறிது, 25 யார் போதும். ஆயினும் சிறு சன்னமும் ஒரு மைலளவு செல்லவல்லதாதலின், பின்னால் மண்மேடு கட்டாது சுடுதல் எக்காலத்தும் தவறேயாம்.

மூன்றாம் நெறி, சன்னமின்றியே பயிலுதல். வெறுந்துவக்கை ஏந்திக் குறிபார்த்து விசையை அழுத்துதல் இது. குழலின் முனையில் நாணயமொன்றை வைத்து, விசை விழும்போதும் நாணயம் விழாதிருக்கின்றதா எனச் சோதிப்பர். பிறிதொரு சோதனையும் உண்டு. துவக்கைத் தாங்கியொன்றில் அசையாது நிறுத்தி, எதிரே வெண்டாளிற் சிறு வட்டத்தட்டொன்றை ஒருவன் நகர்த்துவான். பயில்வோன் குறிக்கருவி வழியே நோக்கி, தட்டு நேர்ப்பட்டது எனக் கூறியதும் அதன் நடுவிற் புள்ளியிடப்படும். இங்ஙனம் மும்முறை செய்ய மூன்று புள்ளிகள் விழும். அவற்றை இணைத்த முக்கோணம் சிறிதாயின் அவன் கண் ஒருதன்மைத்து. பெரிதாயின் மூன்று முறையும் மூன்று விதமாக நோக்கினான் என்பது பெறப்படும். ஒரு மேசையும் ஒரு சுவரும் உள்ள அறை இதற்குப் போதும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என வினாவலாம். கணக்கே விடை தரும். முனைக்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 அங்குலம் உள்ள துவக்கில், குறி நூற்றிலொரு பங்கு அங்குலம் பிசகியதாகக் கொள்வோம். 25 யாரில் அப்பிசகு அரை அங்குலத்திலுங் குறைவு. 600 யாரிலோ ஏறத்தாழ 11 அங்குலம். எனவே, அண்மையிற் கண்ட சிறு பிழை சேய்மையிற் காணும் பெரும்பிழையின் வித்தேயாகும். அண்மையில் அரை அங்குலத்தைப் பொறுத்துக்கொள்ளாதவனே சேய்மையில் வெல்வான். இக்காரணத்தாற் குறுகிய இடம் குறையுடைய இடமன்று. பிழையைக் காற்றின்மேலும் வெயிலின்மேலும் ஏற்றிச்சொல்ல வழியில்லாத கண்டிப்பான ஆசிரியன் அஃது. மூச்சை அடக்குதல், கட்டையைத் தோளில் ஒரே இடத்தில் ஊன்றுதல், விசையை இழுக்காது பிழிதல் ஆகிய மூன்றும் அங்கே குற்றமறப் பயிலத்தக்கன. சுடுவோன் உள்ளிருக்கும் பிழைகளெல்லாம் 25 யாருள் வெளிப்பட்டுவிடும்.

இன்று இந்நெறி உலக விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. 1984 முதல் ஒலிம்பிக் விழாவிற் பத்து மீற்றர்க் காற்றுத்துவக்குப் போட்டி இடம்பெறுகின்றது. அதன் நடுக்குறி அரை மில்லிமீற்றர்ப் புள்ளி. தோக்கியோ விழாவில் நம் நாட்டு வீராங்கனை தெஹானி எகொடவெல இப்போட்டியிற் பங்குபற்றினார். ஒரு வகுப்பறையின் நீளத்தில் உலகின் முதல்வரைத் தெரிந்தெடுத்தல் இயலும் என்பது இதனால் விளங்கும்.

5. குறுகிய இடம் கற்பியாதவை

ஆயினும், குறுகிய நிலம் ஒருகாலும் கற்பிக்கவியலாத பாடமொன்று உளது. அது சுடுவோனுக்கும் இலக்குக்கும் இடையேயுள்ள வெளியைப் பற்றியது.

1910 முதல் வழங்கிய .303 தோட்டாவின் சன்னம் விநாடிக்கு 2,440 அடி வேகத்துடன் குழலை நீங்கும். 25 யாரைக் கடக்க அதற்கு விநாடியின் நூற்றில் மூன்று பங்கே செல்லும். அதற்குள் அது நிலமீர்ப்பால் வீழ்வது கால் அங்குலத்திற்கும் குறைவு. 600 யாரைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும். அதற்குள் அது வீழ்வது ஏறத்தாழ 15 அடி. அவ்வீழ்ச்சிக்கு ஈடாகக் குழலை உயர்த்துதலே பின்குறியின் அளவுகளின் பயன். தொலைவைத் தவறாக மதித்தவன், எத்துணை அசையாத கையுடையனாயினும் மண்ணையோ வானையோ சுடுவான்.

காற்றின் செய்தியும் இத்தன்மையதே. மணிக்குப் பத்து மைல் வேகமுள்ள குறுக்குக்காற்று, 600 யாரிற் சன்னத்தை மூன்று நான்கு அடி ஒதுக்கிவிடும். ஆலைச்சுவரருகே அக்காற்றுக்கு வேலையே இல்லை. மலைநாட்டிலோ காற்று ஒருதன்மைத்தன்று. சோளகம் வீசும் மாதங்களில் ஹற்றன், மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளில் மழையும் மூடுபனியும் குறியை மறைக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது வறண்டு வேகங்கொள்ளும். ஒரு பள்ளத்தின் இக்கரையில் இடமாகவும் நடுவில் மேலாகவும் அக்கரையில் வலமாகவும் காற்று ஓடுதலுண்டு. புல்லின் சாய்வையும், மூடுபனியின் நகர்ச்சியையும், வெயிலில் நடுங்கும் கானலையும் படித்தாலன்றி அதனை அறிதல் ஒல்லாது.

உயரமும் சரிவும் மேலும் இரு கணக்குகளைக் கூட்டுவன. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிற் காற்றின் செறிவு கடற்கரையிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. ஆதலின் ஆண்டுச் சன்னம் சற்று விரைந்து சென்று சற்றுக் குறைவாகவே தாழும். சரிவில் மேனோக்கியோ கீழ்நோக்கியோ சுடுமிடத்து, நிலமீர்ப்பு கிடைத்தொலைவுக்கேற்பவே குறியைப் பாதிக்கும். முப்பது பாகைச் சரிவில் 600 யார் தொலைவிலுள்ள இலக்குக்கு ஏறத்தாழ 520 யாருக்குரிய அளவே பொருந்தும். இதனை அறியாதவனின் சன்னம் இலக்கின் தலைக்குமேற் செல்லும்.

இப்பாடங்களுக்கு உரிய இடம் தேயிலைநிலத்தில் இல்லை. ஊவாவின் புல்மலைகளில் இருந்தது. பத்தனா எனச் சிங்களத்தில் வழங்கும் அப்புல்வெளிகள் மரமற்றவை, நெடியவை, பின்னால் மலையணை உடையவை. போயர் முகாமுக்குப் பின் தியத்தலாவை படைப்பயிற்சிக் களமாயிற்று; தொண்டர்படைகள் ஆண்டுமுகாமுக்கு அங்குக் கூடின. ஆண்டின் பெரும்பகுதியில் அண்மையிற் பயின்ற கையையும் கண்ணையும் அங்கே காற்றோடும் தொலைவோடும் பொருத்திப் பார்த்தனர். ஆகவே குறுகிய திடலும் நெடிய திடலும் ஒன்றற்கொன்று மாற்றல்ல. முன்னையது தன்னை அறிதற்கு. பின்னையது இடையிலுள்ளதை அறிதற்கு. வலியறிதலையும் இடனறிதலையும் வள்ளுவர் வெவ்வேறு அதிகாரங்களாக வகுத்தமையின் நுட்பம் ஈண்டும் புலனாகின்றது.

6. போர்க்களத்தில் நேர்ந்த விந்தை

1914 ஒக்டோபரில் மேஜர் ஹோல் பிறவுண் தலைமையில் அதிகாரிகள் எண்மரும் வீரர் 229 பேரும் கொண்ட துரைமார் அணி எகிப்துக்குக் கப்பலேறிற்று. சுயெஸ் கால்வாய்க் காவலிற் பங்குகொண்டபின், 1915 ஏப்பிரலில் அது கலிப்போலியின் அன்சாக் கடற்கரையை அடைந்து, தளபதி பேட்வூட்டின் தலைமையகக் காவலாய் நின்றது.

ஆயிரம் யார்க் கலையைப் பயின்றோர் சென்று சேர்ந்த களம், உலகப்போரின் மிகக் குறுகிய களங்களுள் ஒன்று. குவின் முனை என்னுமிடத்தில் இருதிறத்தாரின் பதுங்குகுழிகளும் சில யார் இடைவெளியிலேயே இருந்தன. தலையை உயர்த்துதல் சாவாயிற்று. 1915 மே மாதத்தில் பீச் என்னும் அவுஸ்திரேலியப் படையாள், கண்ணாடிகளைப் பொருத்திக் குழிக்குள் இருந்தவாறே குறிபார்க்கும் துவக்குத் தாங்கியை அமைத்தது இவ்விடர்ப்பாட்டினாலேயே. அதே மாதத்தில் அதே முனையில் துருக்கியரின் சன்னமொன்று பேட்வூட்டின் தலையை உராய்ந்து சென்றது. குறுகிய இடத்திற் பயின்று நெடிய வெளியிற் போரிடலாமென எண்ணியோர்க்கு, நெடிய வெளியிற் பயின்று குறுகிய குழியிற் போரிட நேர்ந்தது. அவ்வணியினருட் பலர் பின்னர்ப் பிரித்தானிய, இந்தியப் படைகளில் அதிகாரிகளாயினர், பலர் மீளவில்லை.

7. இலக்கு யாது?

இதுகாறும் இரண்டு அறிவுகளைக் கூறினோம்: தன்னை அறிதல், இடையை அறிதல். மூன்றாவதொன்று உளது, அது இலக்கை அறிதல். எதனைச் சுடுவது என்பதனினும் எவரைச் சுடலாகாது என்பதே அதன் சாரம். இதனை 25 யாரும் கற்பியாது. ஆயிரம் யாரும் கற்பியாது.

அன்சாக்கில் ஓர் அணி நின்ற அதே 1915 ஆம் ஆண்டில், இலங்கையிற் சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டது. ஜூன் 2 ஆம் நாள் படைத்துறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாப் படையினரோடு தோட்டத்துரைமார் படையினரும் நகர்காவற் படையினரும் பிற தொண்டரும் அழைக்கப்பட்டனர். விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லுதல் நிகழ்ந்தது. கேகாலைப் பகுதியில் ஐரோப்பியத் தொண்டர் கையாற் சிலர் இறந்தமை பின்னர் ஆணைக்குழு விசாரணைக்கு உரியதாயிற்று. கொழும்பு நகர்காவற் படையின் அதிகாரியாகிய ஹென்றி பீதிரிஸ் என்னும் இளைஞர், ஜூலை 7 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். இக்கொடுமைகளைச் சட்டசபையிலும், 1916 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலும் எடுத்துரைத்தவர் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதனேயாவார். அட்டையிலுள்ள மனிதவுருவைச் சுட்டுப் பழகிய கை, மனிதனை அட்டையாகக் காணவும் பழகிவிடக்கூடும் என்பதற்கு அவ்வாண்டு ஒரு சான்று.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலும் துவக்கின் நிழல் விழுந்ததுண்டு. 1940 ஜனவரி 10 இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். 1977 மே 11 இல் நுவரெலியா மாவட்டத்தின் டெவன் தோட்டத்திற் சிவனு இலட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். தோட்டக் காணி ஏறத்தாழ ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக்கொடுத்தலை எதிர்த்த போராட்டத்தில் அவ்வுயிர் நீங்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் துவக்கேந்தியோர் காவற்றுறையினர். துரைமார் படையினர் அல்லர். வரலாறு எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது. எனினும் மலையகத் தமிழனின் கண்ணுக்குத் துவக்கு என்றும் மறுமுனையிலிருந்தே தோன்றியது என்பதும் மறைத்தற்கில்லாத உண்மை.

8. முடிவுரை

சுதந்திர இலங்கையின் படை 1949 இற் சட்டப்படி அமைக்கப்பட்டபோது, தோட்டத்துரைமார் துவக்குப்படை கலைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இம்மலையைக் காக்கப் படையமைத்தவர் கப்பலேறி நீங்கினர். இம்மலையை மலையாக்கியவர் நின்ற நிலத்திலேயே அந்நியராயினர். 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையுங் கடந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர்ந்தது. துரையின் துவக்கிற்கு இடமில்லாத மலையில், தொழிலாளியின் வீட்டிற்கும் இடமில்லாதிருந்தது. முன்னையதைத் தீர்க்கப் பேரரசின் அறிவு முழுவதும் முயன்றது. பின்னையது இன்னும் முற்றத் தீர்ந்திலது.

ஆயினும் அக்கலையின் நுட்பத்தை வெறுத்தல் அறிவுடைமையாகாது. இடம் குறுகியதெனச் சோராது, தொலைவை அளவாற் சுருக்கி, தன் பிழையைப் புள்ளிகளாகக் கண்டு திருத்திக்கொண்ட நெறி எக்கலைக்கும் பொதுவானது. நூலகமும் ஆய்வுகூடமும் விளையாட்டிடமும் குறைந்த மலையகப் பாடசாலைகளில் அந்நெறியை நாம் நாள்தோறும் வேண்டிநிற்கின்றோம். ஓரங்குல வட்டத்தில் இருபத்துநான்கங்குல வட்டத்தைக் காணும் கண் மாணாக்கனுக்கும் வேண்டும். அதேவேளை, குறுகிய அறையிற் கற்றதைக் காற்றும் மழையுமுள்ள வெளியிற் சோதித்துப் பாராதவன் கற்றவனாகான் என்பதையும் அவன் உணர்தல் வேண்டும்.

அருச்சுனனின் கண் பறவையின் தலையை மட்டுமே கண்டது. அது வில்லாளனுக்குச் சிறப்பு. ஆனால் அவனே குருட்சேத்திரத்தில், எதிர்நின்றோரின் முகங்களைக் கண்டு வில்லை நழுவவிட்டான் என்பதையும் அதே பாரதம் கூறுகின்றது. அவ்விரண்டு கண்களையும் ஒருங்கே பெற்றிருத்தலே கல்வியின் பயன்.